கல்லூரித் தடகளப் போட்டிகளில் தகவலுக்கும் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிகளில் நடைபெறும் தடகளப் போட்டிகளைப் பற்றி நாளிதழ்களில் வெளிவரும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கின்றன. யார் தொடங்கிவைத்தார், யார் தலைமை தாங்கினார், யார் பரிசு வழங்கினார், எந்த அணி ஒட்டுமொத்தக் கோப்பையை வென்றது என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. ஓடியவர் எத்தனை விநாடியில் ஓடினார், தாண்டியவர் எத்தனை மீட்டர் தாண்டினார் என்பது அதில் இருப்பதில்லை. இதற்காக நாளிதழ்களைக் குறைகூறுவது முறையாகாது. அந்தச் செய்திகளுக்கு அடிப்படையான குறிப்புகளை எழுதி அனுப்புகிறவை கல்லூரிகளின் மக்கள் தொடர்புக் குழுக்களே. மக்கள் தொடர்பியல் பயிலும் மாணவி என்ற முறையில், செய்முறைப் பயிற்சியின் பகுதியாக இத்தகைய போட்டிகளைத் திட்டமிடும் குழுக்களில் நான் பணியாற்றியிருக்கிறேன். அங்கே கற்றவற்றுள் வகுப்பறையில் எளிதில் கிடைக்காத ஒன்றைத் தங்கள் வாசகர்களோடும், குறிப்பாகக் கல்லூரி நிர்வாகங்களோடும் உடற்கல்வித் துறையினரோடும் பகிர்ந்துகொள்ள இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒரு தடகளப் போட்டியில் சரியான தகவலை உரியவருக்கு உரிய நேரத்தில் சேர்ப்பது விழாவுக்கான அலங்கார வேலை அன்று; அது போட்டியின் ஓர் உறுப்பு.

இது மிகைக்கூற்று என்று தோன்றினால், வேர்ல்ட் அத்லெடிக்ஸ் எனப்படும் உலகத் தடகள அமைப்பின் விதிகளைப் பார்க்கலாம். ஒரு போட்டியின் முடிவை எதிர்த்து ஆட்சேபம் தெரிவிக்க விரும்புகிறவர், அம்முடிவு அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட 30 நிமிடங்களுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு முடிவும் எந்த நேரத்தில் அறிவிக்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்து வைக்கும் பொறுப்பு அமைப்பாளர்களுடையது. அதாவது, ஒலிபெருக்கியில் முடிவு வாசிக்கப்படும் அந்த நிமிடத்திலிருந்து ஒரு விளையாட்டு வீரரின் உரிமைக்கான காலம் ஓடத் தொடங்குகிறது. விருந்தினரின் உரை நீண்டுவிட்டதால் ஒரு மணி நேரம் தாமதமாக முடிவை அறிவித்தாலும், அறிவிப்புப் பலகையில் நேரம் குறிக்காமல் தாளை ஒட்டினாலும், பாதிக்கப்படுவது விழாவின் ஒழுங்கு மட்டுமன்று. நான்காம் இடம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு மாணவிக்குத் தான் மூன்றாவதாக வந்திருக்கலாம் என்று வாதிடும் வாய்ப்பே அதனால் பறிபோகக்கூடும். முடிவுத் தாளின் மேல்மூலையில் நேரத்தை எழுதிக் கையொப்பமிட ஒருவரை நியமிப்பது மிகச் சிறிய ஏற்பாடு. ஆயினும் பல திட்டமிடல் கூட்டங்களில் மேடைப் பதாகையின் நிறத்துக்கு ஒதுக்கப்படும் நேரத்தில் சிறு பங்குகூட இதற்கு ஒதுக்கப்படுவதில்லை.

தடகளம் பார்வையாளருக்கு எளிதான விளையாட்டு அன்று என்பதையும் திட்டமிடுகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். கால்பந்தில் ஒரே ஒரு பந்து. கண்கள் எல்லாம் அதன் பின்னே செல்கின்றன. தடகளத்தில் 400 மீட்டர் ஓடுதளத்தில் ஓட்டம் நடக்கும்போதே ஒரு முனையில் நீளம் தாண்டுதலும் மறுமுனையில் உயரம் தாண்டுதலும் நடந்துகொண்டிருக்கும். வட்டு எறிதல் வேறொரு மூலையில் நடக்கும். எங்கே பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லாவிட்டால், தம் நண்பர் ஓடும் பதினைந்து விநாடிகளைத் தவிர மற்ற நேரத்தில் மாணவர்கள் மைதானத்தைப் பார்ப்பதில்லை. பார்வையாளர் மாடம் காலியாகக் கிடப்பதற்கு மாணவர்களின் ஆர்வமின்மையைக் காரணம் சொல்வது வழக்கம். உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும் என்பதையும், இப்போது ஓடிவரப்போகும் மாணவிக்கு இது மூன்றாவது வாய்ப்பு என்பதையும் அறிவிப்பாளர் சொன்னால், சற்றுமுன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்த அதே மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவதை நான் கண்டிருக்கிறேன். 10,000 மீட்டர் ஓட்டத்தின் 25 சுற்றுகளும் அப்படித்தான். சுற்றுக்குச் சுற்று எடுக்கப்படும் நேரமும், முன்னால் ஓடுகிறவருக்கும் அடுத்தவருக்கும் உள்ள இடைவெளியும் தெரிந்தால் அது ஒரு நெடிய நாடகம்; தெரியாவிட்டால் சலிப்பூட்டும் சுற்றல்.

கல்லூரிப் போட்டியில் பார்க்கத் தகுந்தது என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வரலாற்றிலிருந்து ஒரு நாளைக் காட்டலாம். 1935ஆம் ஆண்டு மே 25 அன்று, அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் நடந்த பிக் டென் எனப்படும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் போட்டியில், ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழக மாணவரான ஜெஸ்ஸி ஓவன்ஸ் சுமார் 45 நிமிடங்களுக்குள் 100 கெஜ ஓட்டத்தில் உலகச் சாதனையைச் சமன்செய்து, நீளம் தாண்டுதலிலும் 220 கெஜ ஓட்டத்திலும் 220 கெஜத் தடை தாண்டும் ஓட்டத்திலும் புதிய உலகச் சாதனைகளைப் படைத்தார். நீளம் தாண்டுதலில் அன்று அவர் தாண்டியது ஒரே ஒரு முறை, 8.13 மீட்டர் என்ற அந்த அளவு 1960 வரை நிலைத்து நின்றது. அந்த ஒரு தாண்டுதலின்போது மாடத்தில் இருந்தவர்களின் பார்வை வேறெங்கோ இருந்திருந்தால் அவர்கள் இழந்திருக்கக்கூடியது எவ்வளவு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாக் கல்லூரிப் போட்டிகளிலும் உலகச் சாதனை நிகழாது. ஆனால் ஒவ்வொரு போட்டியிலும் யாரோ ஒருவர் தம் வாழ்நாளின் மிகச் சிறந்த ஓட்டத்தை ஓடுகிறார். அதை அவ்விடத்திலேயே கண்டறிந்து உடனே சொல்வதற்கு, போட்டியாளர்களின் முந்தைய சிறந்த அளவுகள் அறிவிப்பாளரின் கையில் முன்கூட்டியே இருக்க வேண்டும். பதிவுப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் சேர்ப்பதும், பெயரை எப்படி உச்சரிப்பது என்று, போட்டியாளர்கள் களமிறங்குமுன் பெயர் பதியும் அழைப்பு அறையில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் குறித்துக்கொள்வதும் மக்கள் தொடர்பு மாணவர்கள் எளிதில் செய்யக்கூடிய பணிகள். தம் பெயர் மைதானம் முழுவதும் பிழையாக ஒலிப்பதைக் கேட்டுக்கொண்டே ஓட்டத் தொடக்கக் கோட்டில் நிற்கும் ஒருவரின் மனநிலையை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அறிவிப்பாளரின் பணியைப் பற்றிப் பேசும்போது, 1954ஆம் ஆண்டு மே 6 அன்று ஆக்ஸ்ஃபோர்டின் இஃப்லி சாலை மைதானத்தில் நடந்ததைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. பல்கலைக்கழக அணிக்கும் அமெச்சூர் தடகளச் சங்க அணிக்கும் இடையிலான அந்தப் போட்டியில் ரோஜர் பானிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, நான்கு நிமிட எல்லையை முதன்முதலில் கடந்தார். காற்று பலமாக வீசியதால் முயற்சியைக் கைவிடுவதா என்று கடைசி வரை அவர் தயங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. அன்று ஒலிபெருக்கியின் முன் இருந்தவர் நோரிஸ் மெக்விர்ட்டர். அவர் போட்டியின் வரிசை எண், தூரம், வென்றவரின் எண், பெயர், அவர் சார்ந்த சங்கம், பயின்ற கல்லூரிகள் என்று முறையாகச் சொல்லிக்கொண்டு வந்து, இது மைதானச் சாதனை என்று கூறி, உறுதிசெய்யப்படுவதற்கு உட்பட்டு உலகச் சாதனையாகவும் அமையும் என்று சேர்த்து, நேரத்தை இறுதியில் வைத்தார். “மூன்று” என்ற சொல் ஒலித்ததுமே எழுந்த ஆரவாரத்தில் மீதி யாருக்கும் கேட்கவில்லை. ஆவலை வளர்த்த அந்த நடையைப் பாராட்டுகிறவர்கள் பலர். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அத்தனை பரபரப்புக்கு நடுவிலும் “உறுதிசெய்யப்படுவதற்கு உட்பட்டு” என்ற நிபந்தனையை அவர் விட்டுவிடவில்லை என்பதுதான். விறுவிறுப்புக்கும் துல்லியத்துக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

துல்லியம் என்ற இந்த இடத்தில்தான் கல்லூரிகளின் செய்திக் குறிப்புகள் மிகுதியும் தடுமாறுகின்றன. 100 மீட்டர் ஓட்டத்தில் ஒரு மாணவர் பழைய கல்லூரிச் சாதனையைவிடக் குறைந்த நேரத்தில் ஓடிவிட்டார் என்றால், உடனே “புதிய சாதனை” என்று எழுதிவிடும் துடிப்பு இயல்பானது. ஆனால் பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகம் விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால், அவர் வென்றது வெற்றிதான் எனினும் அந்த நேரத்தைச் சாதனையாக ஏற்க விதி இடமளிப்பதில்லை. 200 மீட்டர் ஓட்டம், 100 மற்றும் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டங்கள், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றுக்கும் இவ்வரம்பு பொருந்தும். காற்றுமானியே வைக்காத மைதானத்தில் அடைந்த நேரத்தைச் சாதனை என்று அறிவிப்பது அதைவிடப் பொறுப்பற்ற செயல். நேரத்தை எப்படி எடுத்தார்கள் என்பதும் அவ்வாறே முக்கியமானது. ஸ்டாப் வாட்சில் எடுக்கும் நேரத்தை விநாடியின் பத்தில் ஒரு பங்குக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும் என்பது விதி, 11.01 என்று காட்டினாலும் 11.1 என்றே எழுத வேண்டும். ஆனால் துப்பாக்கி வெடித்த பிறகு விரல் அழுத்துவதற்குள் கழியும் நேரம் கணக்கில் சேராமல் போகிறது. அதனால் கையால் எடுத்த நேரம் மின்னணுக் கருவி காட்டும் நேரத்தைவிடக் குறைவாகவே அமையும். இக்காரணத்தால்தான் 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு 1977 முதல் தானியங்கி மின்னணுக் கருவியில் பதிவான நேரம் மட்டுமே உலகச் சாதனையாக ஏற்கப்படுகிறது. கையால் எடுத்த பழைய நேரத்தையும் மின்னணுக் கருவியின் புதிய நேரத்தையும் ஒரே பட்டியலில் குறிப்பின்றி அருகருகே வைத்தால், இன்றைய மாணவர் ஒருவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமை சேராமல் போகும். அல்லது சேரக்கூடாதது சேரும். செய்திக் குறிப்பில் நேரத்தின் பக்கத்தில் காற்றின் அளவையும், நேரம் எடுத்த முறையையும் அடைப்புக்குறிக்குள் எழுத ஒரு வரிகூடத் தேவைப்படாது.

மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விருந்தினர்களை அழைப்பதும் அவர்களைச் சிறப்பிப்பதும் தவறு என்று நான் கருதவில்லை. நிதி தருகிறவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் உரிய இடம் உண்டு. ஆனால் விருந்தினரின் வருகை நேரத்தை முதலில் தீர்மானித்துவிட்டு அதைச் சுற்றி ஓட்டங்களை நிரப்பும் பழக்கம் போட்டியாளர்களின் உடலோடு விளையாடும் செயல். உடலைச் சூடேற்றி, அழைப்பு அறையில் பெயர் பதிந்து, தொடக்கக் கோட்டுக்கு வந்துவிட்ட ஒருவரை, வரவேற்புரை முடியட்டும் என்று இருபது நிமிடம் நிறுத்திவைத்தால் தசைகள் குளிர்ந்துவிடும். தசைப்பிடிப்பும் தசைக்கிழிவும் ஏற்படும் வாய்ப்பு கூடும். கால அட்டவணையை உடற்கல்வி இயக்குநரும் தலைமை நடுவரும் முடிவுசெய்ய வேண்டும்; அதை விருந்தினரின் அலுவலகத்துக்கு முன்கூட்டியே தெரிவித்து, எந்த இறுதிச் சுற்றுக்குப் பிறகு அவர் பரிசு வழங்கலாம் என்று பரிந்துரைப்பதே மக்கள் தொடர்புக் குழுவின் வேலை. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றக் கூடாது. இதே அட்டவணையில் கவனிக்கப்படாத மற்றோர் அநீதியும் ஒளிந்திருக்கிறது. பெண்களுக்கான இறுதிச் சுற்றுகளை மாடம் நிரம்பாத காலை நேரத்திலும், ஆண்களுக்கானவற்றைக் கூட்டம் சேர்ந்த மாலை நேரத்திலும் வைப்பது பல இடங்களில் யாரும் திட்டமிடாமலேயே நடந்துவிடுகிறது. பின்னர் பெண்கள் பிரிவுக்குப் பார்வையாளர்கள் குறைவு என்று அறிக்கையில் எழுதப்படுகிறது. ஆண், பெண் இருபாலருக்குமான 100 மீட்டர் இறுதிச் சுற்றுகளை அடுத்தடுத்து வைத்தாலே இது பெருமளவு சீராகும்.

ஒளிப்படக் கலைஞர்களும் தன்னார்வலர்களும் மைதானத்துக்குள் எங்கே நிற்கலாம் என்பதை வரைபடமாகவே தர வேண்டும். வாய்மொழி அறிவுரை போதாது. ஆண்களுக்கான ஈட்டியின் எடை குறைந்தது 800 கிராம், பெண்களுக்கானது 600 கிராம். நல்ல படம் எடுக்கும் ஆர்வத்தில் ஈட்டி விழும் பரப்புக்குள் முதுகைக் காட்டி நிற்கும் ஒருவரைக் காணும்போது ஏற்படும் நடுக்கத்தை நடுவர்கள் அறிவார்கள். விளையாட்டு வீராங்கனைகளின் படங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் பொறுப்பு வேண்டும். முயற்சியைக் காட்டும் படமே வெளியிடத் தகுந்தது. படத்தில் உள்ளவர் அதை எதிர்த்தால் கேள்வி கேட்காமல் நீக்க வேண்டும்.

எதிர்பாராதவை நிகழும்போதுதான் ஒரு மக்கள் தொடர்புக் குழுவின் தரம் வெளிப்படுகிறது. இடி மின்னல் வந்தால், கடைசி இடியோசை கேட்ட பிறகு குறைந்தது 30 நிமிடம் காத்திருந்தே மைதானத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் பாதுகாப்பு நெறி. அந்த அரை மணி நேரத்தில் “சற்று நேரத்தில் தொடங்கும்” என்று திரும்பத் திரும்பச் சொல்வதால் பயனில்லை. அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு வரும் என்று சொல்லி, புதிதாகச் சொல்ல எதுவும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்க வேண்டும். பயிற்சியாளர்கள் தங்கள் போட்டியாளர்களின் உணவையும் ஓய்வையும் உடற்பயிற்சியையும் அந்த ஒரு தகவலை வைத்தே மாற்றியமைக்கிறார்கள். காயம் ஏற்பட்டால் நிலைமை இன்னும் நுட்பமானது. 1906ஆம் ஆண்டு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே நிகழ்ந்த ரயில் விபத்தின்போது, ஐவி லீ என்பவர் ரயில் நிறுவனத்தின் சார்பில் உண்மைகளைத் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்கு வழங்கி, செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் செல்லவும் வழிசெய்தார். அந்த அறிக்கையே முதல் செய்திக் குறிப்பு என்று எங்கள் துறையில் பெரும்பாலும் குறிப்பிடுவார்கள். மறைத்தால் வதந்தி பெருகும் என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அதே வேளையில், காயமடைந்த மாணவரின் மருத்துவ விவரங்கள் அவருக்கும் அவருடைய குடும்பத்தினருக்கும் உரியவை. என்ன நடந்தது, உடனடியாக என்ன சிகிச்சை ஏற்பாடு செய்யப்பட்டது, போட்டி தொடர்கிறதா என்பவற்றை ஒரே ஒருவர் மட்டும் சொல்ல வேண்டும். எலும்பு முறிந்ததா, எத்தனை மாதம் ஆகும் என்பதை மருத்துவர் கூறி, குடும்பத்தினரும் இசையும் வரை யாரும் சொல்லக் கூடாது. அந்த ஒருவர் யார் என்பதைப் போட்டிக்கு முந்தைய கூட்டத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

போட்டி முடிந்ததும் எங்களிடம் கேட்கப்படும் அறிக்கையைப் பற்றியும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. எத்தனை நாளிதழ்களில் செய்தி வந்தது, அந்த இடத்துக்கு விளம்பரக் கட்டணம் கட்டியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்கிட்டு அதையே வெற்றியின் அளவாகக் காட்டுவது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. விளம்பர மதிப்பைத் தகவல் தொடர்பின் மதிப்பாகக் கொள்ளக் கூடாது என்று, மக்கள் தொடர்பின் பயனை அளவிடுவது பற்றிய 2010ஆம் ஆண்டின் பார்சிலோனா கோட்பாடுகள் தெளிவாகவே கூறியிருக்கின்றன. 1984இல் மக்கள் தொடர்பியல் அறிஞர்களான ஜேம்ஸ் குருனிக்கும் டாட் ஹன்ட்டும் மக்கள் தொடர்பின் நான்கு மாதிரிகளை வகுத்தபோது, விளம்பரத்துக்காக ஆரவாரம் செய்வதைத் தொடக்கநிலை மாதிரியாகவும், இருதரப்பும் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுத் தம்மை மாற்றிக்கொள்ளும் முறையைச் சமநிலை கொண்ட மாதிரியாகவும் காட்டினார்கள். தடகளப் போட்டிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், கேட்க வேண்டிய கேள்விகள் வேறாகின்றன. ஓட்டம் முடிந்து எத்தனை நிமிடத்தில் முடிவு பலகைக்கு வந்தது? கடைசித் தொடர் ஓட்டம் வரை மாடத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர்? சான்றிதழ்களில் பெயர்ப் பிழைகள் எத்தனை திருத்தப்பட்டன? தோற்றவர்களும் வெளியூர் அணிகளின் பயிற்சியாளர்களும் ஏற்பாடுகளைப் பற்றி என்ன சொன்னார்கள்? அடுத்த ஆண்டின் அட்டவணையில் அவர்கள் சொன்னவற்றுள் எது சேர்க்கப்பட்டது? இவற்றுக்குப் பதில் தரும் அறிக்கையையே மதிப்பெண்ணுக்கு உரியதாகப் பேராசிரியர்கள் ஏற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கல்லூரி நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் எளிமையானது. மக்கள் தொடர்பு மாணவர்களை வரவேற்பு மேசையிலும் மேடைக்குப் பின்னாலும் மட்டும் நிறுத்தாதீர்கள். அழைப்பு அறையில் ஒருவர், நேரம் கணிப்போரின் மேசைக்கும் அறிவிப்பாளருக்கும் இடையே ஒருவர், அறிவிப்புப் பலகையில் ஒருவர், களப் போட்டிகளின் அருகில் ஒருவர் என்று அவர்களுக்கு மைதானத்துக்குள் இடம் கொடுங்கள். அதற்கு முன் தடகள விதிகளில் ஒரு நாள் பயிற்சியும் அளியுங்கள். தொடக்க நடுவர் “கோட்டுக்கு வருக” என்று கட்டளையிடும் தருணத்தில் ஒலிபெருக்கி அடங்கிவிட வேண்டும் என்பதை அறியாத ஓர் அறிவிப்பாளரால் ஒருவருடைய ஓட்டமே பாழாகக்கூடும். 2010ஆம் ஆண்டிலிருந்து, ஒருவரின் முதல் தவறான தொடக்கத்துக்கே வெளியேற்றம் என்பதால், மாடத்தில் எழும் ஒரு சிறு சத்தமும் எளிதாக எடுத்துக்கொள்ளத் தக்கதன்று.

நாளிதழ்களிடமும் ஓர் உதவியை எதிர்பார்க்கிறோம். கல்லூரிகள் தங்கள் செய்திக் குறிப்புடன் ஒவ்வொரு இறுதிச் சுற்றிலும் முதல் மூன்று இடங்களைப் பெற்றவர்களின் பெயர், அளவு அல்லது நேரம், காற்றின் அளவு, நேரம் எடுத்த முறை ஆகியவற்றைக் கொண்ட முடிவுப் பட்டியலையும் அனுப்ப வேண்டும் என்றும், அத்தகைய பட்டியலுடன் வரும் செய்திகளுக்கே முன்னுரிமை தரப்படும் என்றும், எத்தனை மணிக்குள் வந்தால் மறுநாள் இதழில் இடம்பெறும் என்றும் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வெளியிட இயலுமா? அப்படி ஓர் அறிவிப்பு வந்தால், பட்டியலைத் தயாரிப்பதற்காகவே கல்லூரிகள் காற்றுமானியையும் முறையான நேரக்கணிப்பையும் தேடத் தொடங்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்படிக்கு,
மக்கள் தொடர்பியல் முதுகலை மாணவி ஒருவர்